ஒரு துளி பாலும் ஒரு துண்டுச் சாக்லேட்டும்

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்குப் பிறந்த நாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, டப்பாவைக் கையில் ஏந்தி, வகுப்பிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு சாக்லேட் கொடுத்துக்கொண்டு வருகிறான். எல்லாக் குழந்தைகளும் அங்கேயே பிரித்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு சிறுமி மட்டும் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறாள். அவளுக்குப் பால் ஆகாது. வீட்டில் அம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சாக்லேட் பைக்குள் போகிறது; சாயங்காலம் அது தம்பிக்குப் போய்விடும். ஆறு வயதுக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்பதைப் பெரியவர்கள் எளிதில் உணர்வதில்லை.

"பால் ஆகாது என்று ஒரு வியாதியா? எங்கள் காலத்தில் கேள்விப்பட்டதே இல்லையே!" என்று வியப்பவர்கள் உண்டு. பாலையும் நெய்யையும் அமுதமாகப் போற்றும் நாட்டில் இந்த வியப்பு இயற்கையே. ஆனால் பாலிலுள்ள புரதங்களைச் சில குழந்தைகளின் உடல் பகையென்று எண்ணி எதிர்க்கிறது. இதைத்தான் ஒவ்வாமை என்கிறார்கள். தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி, இளைப்பு என்று அது வெளிப்படும். கடுமையாகத் தாக்கினால் மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியும். அந்த நேரத்தில் கைவைத்தியத்தில் பொழுதைப் போக்கலாகாது. அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பாலிலுள்ள சர்க்கரை செரியாமல் வயிறு உப்புவது வேறு, இது வேறு. ஆகவே லாக்டோஸ் நீக்கிய பால் இக்குழந்தைகளுக்கு உதவாது. ஆட்டுப் பாலும் எருமைப் பாலும் பெரும்பாலும் இதே தொல்லையைத் தரும். நெய்யிலும் சிறிது புரதம் ஒட்டியிருக்கக் கூடும். வளர வளரப் பல குழந்தைகளுக்கு இது நீங்கிவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் நீங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பது டாக்டரின் வேலை. "ஒரு துளி பால் என்ன செய்துவிடும்?" என்று பாசத்தோடு ஊட்டிப் பார்க்கும் பாட்டியின் வேலையல்ல.

சாக்லேட்டுக்கும் பாலுக்கும் பிறவிச் சொந்தம் எதுவும் கிடையாது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் பழங்குடி மக்கள் கொக்கோ விதையை அரைத்து, தண்ணீரில் கரைத்து, மிளகாய் சேர்த்துக் குடித்தார்கள். ஸ்விட்சர்லாந்தில் வெவே நகரத்து டேனியல் பீட்டர் என்பவர், 1875-ஆம் ஆண்டில்தான் சுண்டிய பாலைச் சேர்த்துப் பால் சாக்லேட் செய்தார். பால் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. கொக்கோ வெண்ணெய் என்று உறையில் அச்சிட்டிருந்தால் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். பெயர்தான் வெண்ணெய், அது கொக்கோ விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு.

அப்படியானால் கடைக்குப் போய், பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட்டை வாங்கிக் கொடுத்துவிடலாம் அல்லவா? இங்கேதான் சங்கடம் இருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடைகளில் விற்ற 94 கறுப்புச் சாக்லேட்டுகளைச் சோதித்து, 2015-ல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 6 மட்டுமே பாலை ஒரு சேர்மானமாகக் குறிப்பிட்டிருந்தன. மீதி 88-ல் 51 சாக்லேட்டுகளில் பால் இருந்தது! பால் இல்லை என்று அச்சிட்டிருந்த சிலவற்றிலுங்கூட அது காணப்பட்டது. ஒரே இயந்திரத்தில் காலையில் பால் சாக்லேட்டும் மாலையில் கறுப்புச் சாக்லேட்டும் செய்தால் வேறென்ன ஆகும்? தண்ணீர் பட்டால் சாக்லேட் கெட்டுவிடும் என்பதால் அந்த இயந்திரங்களைப் பாத்திரம் கழுவுவதுபோல் கழுவுவதும் எளிதல்ல.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் உணவு உறை விதிகளின்படி, பால் சேர்ந்திருந்தால் அதைத் தனியாக எடுத்துச் சொல்லியாக வேண்டும். வேண்டாமலே கலந்துவிடும் அபாயம் இருந்தால் 'பால் இருக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை வேண்டும். இந்த எச்சரிக்கையைக் கண்டால் அந்தப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுவதே உத்தமம். பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறக் கூடாது. அது சைவத்துக்கு அடையாளம், பாலும் சைவமே. 2022-ல் வந்த 'வீகன்' முத்திரை பால் சேர்க்காததைக் குறிக்கும். என்றாலும் அந்தப் பொட்டலத்திலும் எச்சரிக்கை வாசகம் உண்டா என்று திருப்பிப் பார்க்க வேண்டும்.

இதில் பெரிய குறை ஒன்று உண்டு. உறையில் இவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது விதி. பிற மொழிகளில் அச்சிடத் தடையில்லை; கட்டாயமும் இல்லை. தமிழ் மட்டுமே படித்த தாய், கடுகளவு எழுத்தில் உள்ள ஆங்கிலச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்வாள்? விளம்பரத்தைப் பெரிய தமிழ் எழுத்தில் போடத் தெரிந்த கம்பெனிகளுக்கு, 'இதில் பால் உண்டு' என்ற மூன்று சொற்களையும் தமிழில் போடுவது பெரிய செலவாகுமா? அரசாங்கம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். எச்சரிக்கை போட்டோம், பொறுப்புத் தீர்ந்தது என்று இராமல், கம்பெனிகள் தனி இயந்திரம் வைத்து, சோதித்துப் பார்த்து விற்க முன்வர வேண்டும்.

அதுவரை அடுப்பங்கரை இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது. ஒரே தோப்பில் வளரும் இவ்விரண்டும் ஒரே கிண்ணத்திலும் நன்றாகச் சேரும். அரைக் கிண்ணம் சமையல் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, அரைக் கிண்ணம் கொக்கோத் தூள், நாலு கரண்டி பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். தட்டில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்தால் உறைந்துவிடும். வெளியே வைத்தால் நம் ஊர் வெயிலுக்கு உருகிப்போகும். ஆகவே எடுத்தவுடன் தின்ன வேண்டும். குழந்தைகளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை! கொக்கோத் தூள் வாங்கும்போதும் உறையைப் படிக்க வேண்டும். பானத்துக்கென்று விற்கும் தூள்களில் பால் பொடி கலந்திருக்கும். தட்டில் நெய் தடவும் பழக்கத்தையும் இதற்கு விட்டுவிட வேண்டும்.

பள்ளிக்கூடங்களும் ஒரு காரியம் செய்யலாம். பிறந்த நாளுக்கு இனிப்புக்குப் பதில் பென்சிலோ சிறு புத்தகமோ கொடுக்கச் சொல்லலாம். இனிப்புத்தான் வேண்டுமென்றால், அந்தக் குழந்தையின் தாய் கொடுத்த சாக்லேட் ஒரு டப்பாவில், ஆசிரியையிடம் எப்போதும் இருக்கட்டும். மற்றக் குழந்தைகள் பிரித்துத் தின்னும் அதே நேரத்தில், அந்தச் சிறுமியும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் பாட்டி உறையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, வகுப்பில் ஆசிரியை ஒரு டப்பாவை நினைவில் வைத்திருந்தால், அவள் கையில் சாக்லேட்டை வைத்துக்கொண்டு விழித்து நிற்கவேண்டியிராது.