ஒரு ரூபாய் நாணயத்துக்குள் மாட்டிக்கொண்ட தீப்பெட்டி!

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், நெல்லையில் அல்வா. டிக்கியில் இந்த மூன்றும் ஏறினால்தான் பயணம் முடிந்த மாதிரி இருக்கும். அதே சாத்தூரில் மேற்கே திரும்பினால், கொஞ்ச தூரத்தில் சிவகாசி. தின்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால், தொழில் செய்ய நினைப்பவர்கள் ஒரு தடவையாவது வண்டியைத் திருப்ப வேண்டிய ஊர்.

சொல்லப்போனால், சிவகாசியின் தொழிலே ஒரு பயணத்தில் தொடங்கியதுதான். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த பூமி. விவசாயத்துக்கு அது சாபம். குச்சி காய வேண்டிய தீப்பெட்டிக்கு அதுவே வசதி.

பெட்டி செய்தால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். அதற்காக அச்சகம் வந்தது. மருந்து கையாளப் பழகிய ஊரில் பட்டாசும் வந்தது. லேபிள் அடித்த அச்சகங்கள் காலண்டருக்கும் டைரிக்கும் போயின. இன்றைக்கும் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருட காலண்டர் ஆல்பம் இங்கே வெளியாகிவிடும். நாம் ஆடித் தள்ளுபடியில் நிற்கும்போது, அவர்கள் தை மாதத்தை விற்றுக்கொண்டிருப்பார்கள்.

இவ்வளவு சாமர்த்தியமான ஊர் ஓர் இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டது. அது தீப்பெட்டியின் விலை.

1995-ல் 25 பைசாவிலிருந்து 50 பைசா. 2007-ல் 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய். அதற்குப் பிறகு 14 வருடங்கள் அசையவே இல்லை. டீ விலை ஏறியது, பஸ் டிக்கெட் ஏறியது, தீப்பெட்டி மட்டும் அதே ஒரு ரூபாய். ஏன் 1.20, 1.30 என்று ஏற்றவில்லை? பெட்டிக்கடைக்காரர் மீதி 70 பைசாவை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்? 25 பைசாவே 2011-ல் செல்லாமல் போய்விட்டது. சில்லறையில் விற்கும் பொருளுக்கு விலையைத் தீர்மானிப்பது முதலாளி இல்லை, நாணயம். ஏற்றினால் இரண்டு மடங்கு, இல்லையென்றால் பழைய விலை. நடுவில் படிக்கட்டே கிடையாது.

2021-ல் தாங்க முடியாத கட்டம் வந்தது. கிலோ 425 ரூபாயாக இருந்த சிவப்பு பாஸ்பரஸ் 810 ரூபாய் ஆனது. மெழுகு 58-லிருந்து 80. அட்டையும் விட்டுவைக்கவில்லை. 600 பெட்டிகள் கொண்ட ஒரு பண்டலுக்கு உற்பத்தியாளருக்குக் கிடைத்தது 270 முதல் 300 ரூபாய். வகுத்துப் பாருங்கள்: கடையில் ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டிக்குத் தொழிற்சாலை பார்த்தது 45 முதல் 50 பைசா. வரியும் லாரி வாடகையும் தனி.

தீப்பெட்டிச் சங்கங்கள் கூடிப் பேசி, டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் என்று அறிவித்தன. 'ஒரேயடியாக டபுளா?' என்று அப்போது கேட்காதவர்கள் குறைவு. அந்த அறிவிப்பின் இன்னொரு பாதியைப் பலர் கவனிக்கவில்லை. பெட்டிக்குள் இருந்த 36 குச்சிகளை 50 ஆக்குவதாகவும் சொன்னார்கள். அதாவது, நாணயம் தராத படிக்கட்டைக் குச்சியில் கட்டினார்கள். பெட்டியின் விலை 100 சதவீதம் ஏறினாலும், குச்சிக் கணக்கில் வாங்குபவருக்கு ஏற்றம் சுமார் 44 சதவீதம்தான்.

உற்பத்தியாளர் பக்கம்? பண்டலுக்கு அவர்கள் எதிர்பார்த்தது 430 முதல் 480 ரூபாய். பெட்டிக்கு 72 முதல் 80 பைசா. அதையும் 50 குச்சிக்குப் பிரித்தால், ஒரு குச்சிக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஏறத்தாழ 15 சதவீதம். பாஸ்பரஸ் மட்டுமே 90 சதவீதம் ஏறியிருந்த வருடத்தில்! பெரும்பாலும் பெண்கள் வேலை பார்க்கும் தொழில் இது. அந்த 15 சதவீதத்துக்குள்தான் அவர்களுடைய கூலியும் அடக்கம்.

இங்கேதான் கோவில்பட்டி ஞாபகத்துக்கு வருகிறது. அங்கேயும் தீப்பெட்டித் தொழில் உண்டு, கடலைமிட்டாயும் உண்டு. மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 'கோவில்பட்டி மிட்டாய்தானே?' என்று கேட்டு வாங்குகிறார்கள். பத்து ரூபாய் கூடினாலும் முகம் சுளித்துக்கொண்டே வாங்குகிறார்கள். தீப்பெட்டியை யாராவது ஊர் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறார்களா? 'அண்ணே, ஒரு தீப்பெட்டி', அவ்வளவுதான். எது கைக்கு வருகிறதோ அது.

பெயர் சொல்லிக் கேட்காத பொருளுக்குப் போட்டியும் சுலபமாக வரும். மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் அப்படித்தான் நுழைந்தன. 20 ரூபாய்க்கும் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023-ல் மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்ற புகார் அடுத்தபடியாக வந்தது.

அடுத்த முறை அந்த வழியில் போகும்போது, டீக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி, பின் சீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்துக் குச்சிகளை எண்ணச் சொல்லுங்கள். உரச வேண்டாம், எண்ணினால் போதும். கோவில்பட்டி வரைக்கும் பொழுது போகும்.