மூத்ததா, இளையதா?



வீட்டுக்கு வேண்டிய பொருள்களைத் தெரிந்தெடுப்பது பற்றி இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகிறோம். தேவைக்கு ஒரு பொருளை வாங்கும்போது நாம் கணக்குப் பார்க்கிறோம். ஆசைக்கு வாங்கும்போது கணக்கை மறந்துவிடுகிறோம். ஆதலால் இம்முறை ஓர் ஆசைப் பொருளையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் கேள்வி இது: மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்னும் திறந்த விளையாட்டுக் காரைப் பழையதாக வாங்குவதானால், முதல் தலைமுறையை வாங்குவதா, இரண்டாம் தலைமுறையை வாங்குவதா?

மாஸ்டா என்னும் பெயரை நம் நாட்டவர் சுவராஜ் மாஸ்டா லாரிகளாலும் சிறு பேருந்துகளாலும் அறிவர். அப்பெயருக்குரிய ஜப்பானிய நிறுவனம் ஹிரோஷிமா நகரைச் சார்ந்தது. எடை குறைந்த, எளிய, இருவர் அமரும் திறந்த காரைச் செய்யலாமே என்று 1979-ஆம் ஆண்டில் பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அந்நிறுவனத்தின் கெனிச்சி யமமோட்டோவிடம் கூறினார். அத்தகைய கார்களுக்கு ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்த ஆங்கிலேயர் அவற்றைப் பெரும்பாலும் கைவிட்டுவந்த வேளை அது. அந்த விதை பத்தாண்டுகள் கழித்து முளைத்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கார் வெளிவந்தது. அமெரிக்காவில் மியாட்டா என்றும், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அது பெயர் பெற்றது. தோஷிஹிக்கோ ஹிராய் என்பவர் அதன் திட்டத் தலைவர். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாவதுபோல், காரும் ஓட்டுபவரும் ஒன்றாதல் வேண்டும் என்பதே அவர் வகுத்த கொள்கை.

என்.ஏ. எனப்படும் இம்முதல் தலைமுறை 1997 வரை செய்யப்பட்டது. 4,30,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. என்.பி. எனப்படும் இரண்டாம் தலைமுறை 1997-இல் டோக்கியோ கண்காட்சியில் காட்டப்பெற்று 2005 வரை நீடித்தது. அதன் தொகை ஏறத்தாழ 2,90,000. இரண்டும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் 5,31,890-ஐ எட்டியபோது, உலகிலேயே மிகுதியாக விற்பனையான இருவர் அமரும் விளையாட்டுக் கார் என்று கின்னஸ் ஏட்டில் பதிவாயிற்று.

இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றே எனலாம். முன்னால் எஞ்சின், பின்சக்கரங்களுக்கு விசை, நான்கு சக்கரங்களுக்கும் ஒரே வகையான இரட்டைக் கை சஸ்பென்ஷன். வேற்றுமைகள் உடையிலும் வசதியிலுமே மிகுதி. மூத்ததன் ஹெட்லைட்டுகள் உறங்கும் கண்கள்போல் மூடிக்கிடந்து, பொத்தானை அழுத்தியதும் எழும். அந்த முகத்துக்காகவே அதனை விரும்புவோர் பலர். இளையதில் விளக்குகள் நிலையானவை. மூத்ததன் துணிக்கூரையில் பின்கண்ணாடி பிளாஸ்டிக்கால் ஆனது. கூரையை மடிக்குமுன் அதன் ஜிப்பைத் திறந்து இறக்க வேண்டும். மறந்தால் மடிப்பு விழுந்து வெடித்துவிடும். இளையதில் உண்மையான கண்ணாடியும், பனியைப் போக்கும் சூட்டுக் கம்பிகளும் உண்டு. அக்கூரை மூத்ததற்கும் பொருந்துவதால் பலர் மாற்றிக்கொண்டிருக்கின்றனர்.

முதல் வண்டிகளில் 1.6 லிட்டர் எஞ்சின்; சுமார் 115 குதிரைத்திறன்; எடை 1,000 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. பின்னர் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. இளையதன் 1.8 லிட்டர் எஞ்சின் சுமார் 140 குதிரைத்திறன் தரும். எடை சிறிது கூடுதல். வேகத்தை மட்டும் கருதுவோருக்கு இளையதே மேல். கையில் தெரியும் இலேசையும் எளிமையையும் விரும்புவோர் மூத்ததையே நாடுவர். இதில் சரி, தவறு என்பதில்லை, விருப்பமே நடுவர்.

ஆயின் வாசகர்கள் ஒன்றை மறத்தலாகாது. இளையது என்று நாம் அழைக்கும் வண்டியும் இருபதாண்டுகளைக் கடந்த முதியதே. எனவே எந்தத் தலைமுறை என்னும் கேள்விக்கு முன்னால், எந்த நிலையில் என்னும் கேள்வி நிற்கிறது.

இவ்வண்டிகளின் பெரும்பகை துரு. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளின் பின்னுள்ள துளைகள் வழியே கீழிறங்கி வெளியேற வேண்டும். இலையும் தூசியும் அத்துளைகளை அடைத்தால், நீர் தேங்கிப் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள அடிவிளிம்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே இரும்பு இற்றுப்போயிருக்கும். இது இரு தலைமுறைக்கும் பொது. இளையதற்கு இன்னொரு நோயும் உண்டு: முன்பகுதியைத் தாங்கும் நீண்ட சட்டங்கள் இரட்டைத் தகட்டால் ஆனவை, அவற்றினிடையே ஈரம் புகுந்து அரித்துவிடும். குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவும் இங்கிலாந்தில் ஆண்டுச் சோதனையில் பல வண்டிகள் தவறுவது இதனாலேயே. மோதலின்போது அதிர்ச்சியை ஏற்க வேண்டிய உறுப்பு அது. ஆகவே இது செலவை மட்டும் பொறுத்ததன்று. உள்ளே அமர்வோரின் உயிரையும் பொறுத்தது. வண்டியை மேலே தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் அடிப்புறத்தைப் பார்க்காமல் ஒரு காசும் கொடுத்தல் வேண்டா.

எஞ்சினைப் பொறுத்தவரை இவை உழைப்பாளிகள். 1989 முதல் 1991 வரையான தொடக்க 1.6 லிட்டர் வண்டிகளில் மட்டும் கிராங்க் ஷாஃப்டின் முனை குட்டையானது; அதன் புல்லி தளர்ந்து ஆடினால் பெருஞ்செலவாகும். புல்லியின் முகத்தில் நான்கு பிளவுகள் இருப்பின் பழைய வகை, எட்டு இருப்பின் திருந்திய வகை என்று அறியலாம். டைமிங் பெல்ட் ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது. மாற்றியதற்கு ரசீது இல்லையேல் மாற்றவில்லை என்றே கொள்க. கிளட்சை இயக்கும் சிறிய சிலிண்டர் கசியக்கூடும். அது எளிதில் தீரும். ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் மேல்தொட்டி பழுப்பு நிறமாய் மாறியிருந்தால் அதன் ஆயுள் முடிகிறது என்று பொருள்.

இனிப் பணத்தைக் காண்போம். முன்னாளில் மூத்த வண்டியே மலிவானது. இன்றோ அது சேகரிப்போரின் பொருளாகி, பல சந்தைகளில் நல்ல என்.ஏ. வண்டி அதே நிலையிலுள்ள என்.பி. வண்டியைவிட அதிக விலை பெறுகிறது. மாஸ்டா நிறுவனமே 2017-இல் அறிவித்து, மறு ஆண்டு ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் பணியைத் தொடங்கி, சில உதிரிப் பாகங்களையும் மீண்டும் செய்யத் தலைப்பட்டது. வாங்கும் விலையோடு செலவு நின்றுவிடுவதில்லை. ஜப்பானில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை. பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு ஆண்டு வரியில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதல். கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டு, டயருக்கும் பெல்ட்டுக்கும் கடன் வாங்குவோர் விரைவில் வண்டியையே விற்பர். ஐந்தில் ஒரு பங்கையேனும் முதலாண்டுப் பழுதுக்கென ஒதுக்கி வைத்தல் நலம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இவ்வண்டிகளில் இருக்கை இரண்டே, பின்னிருக்கை கிடையாது. குழந்தை பிறந்தபின் மூவர் ஒன்றாய்ச் செல்ல வழியில்லை. கணவன் ஓட்டி மகிழ, மனைவி குழந்தையுடன் பேருந்துக்குக் காத்து நிற்பதானால், அந்த மகிழ்ச்சி நீடிக்குமா? வேறொரு குடும்ப வண்டி வீட்டில் இல்லாதவர், மூத்ததா இளையதா என ஆராயும் முன், இப்போது வேண்டுமா என்று இருவரும் அமர்ந்து பேசுவதே முறை. முன்பணம் கொடுத்தபின் மனைவிக்குச் சொல்லுதல் பேச்சாகாது.

அப்பேச்சு முடிந்து, வாங்குவதென்று முடிவானால், எம் கருத்து இதுவே. நாள்தோறும் மழையிலும் குளிரிலும் அலுவலகம் செல்ல வேண்டியவர், சட்டங்கள் துருப்பிடிக்காத என்.பி. வண்டியைத் தேடுக. கண்ணாடிப் பின்சாளரமும் கூடுதல் விசையும், பெரும்பாலான நாடுகளில் இருவருக்குமான காற்றுப்பைகளும் அதில் உண்டு. கூரையுள்ள கொட்டகையும், ஞாயிறு மாலைகளும், தாமே ஸ்பானர் பிடிக்கும் பொறுமையும் உடையவர் என்.ஏ. வண்டியை வாங்கலாம்; செலவிட்ட பணம் பெரும்பாலும் வீண்போகாது. ஒரே சந்தையில் துருப்பிடித்த மூத்ததும் பழுதற்ற இளையதும், அல்லது பழுதற்ற மூத்ததும் துருப்பிடித்த இளையதும் எதிரெதிரே நின்றால், தலைமுறையை மறந்து பழுதற்றதையே தெரிந்தெடுக்க. எழும் விளக்குகளின் அழகில் மயங்கிய கண் அடிப்புறத்தைப் பார்க்க மறுக்கும். ஆதலால் அவ்வழகில் மயங்காத ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியே இந்த வாங்கலில் மிகச் சிக்கனமான செலவு.