மன உறுதி மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

மது மறுவாழ்வு பற்றிய உங்கள் கட்டுரை மன உறுதியையே பெரிதாகப் பேசியது. எங்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மதுப் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 86 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அத்தனை பேருக்குமா உறுதி இல்லை? சம்பள நாள், பழைய கூட்டாளி, பார் வாசல் எதிர்ப்பட்டாலே ஏக்கம் கிளம்பிவிடும். மூளை அப்படிப் பழகிவிட்டது. சுற்றியிருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு: மனிதர்கள் பிறரைப் பார்த்துக் கற்கிறார்கள் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா. குடிக்கப் பழகுவதும் அப்படித்தான், விடப் பழகுவதும் அப்படித்தான். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பலருக்குப் பலிப்பது அதனாலும்தான். அடுத்த முறை, மீண்டவர்களைப் பேச விடுங்கள். அவர்கள் மனைவிமாரையும் கேளுங்கள். கடன் கணக்கு அவர்களிடம்தான் இருக்கும்.

வாசகர், அல்சூர், பெங்களூரு