பூட்டிய வீட்டைக் கேட்டு வந்தவர்

ஆம்பூரில் எங்கள் தாத்தா வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. டேனரியில் உழைத்த காசில் அவர் கட்டியது. ஓடு சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்துவிட்டது. வீட்டு வரியை மட்டும் பக்கத்துத் தெரு அத்தை விடாமல் கட்டுகிறார்.

போன மாதம் ஒரு தம்பி அத்தையைத் தேடி வந்தார்.

"வீடு வீணாப் போகுதேம்மா. பெங்களூரு பார்ட்டி இருக்காங்க. இப்பவே ஒரு லட்சம் ரொக்கமா அட்வான்ஸ். எனக்கு ஒரு பவர் மட்டும் எழுதிக் குடுங்க."

அத்தை மோர் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "வாங்குறவர் யாருப்பா?"

தம்பியிடம் பதில் இல்லை.

இப்படி வருபவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. கமிஷன் இவ்வளவு என்று முதலிலேயே சொன்னால் தப்பும் இல்லை. ஆனால் உங்களிடம் ஒரு விலை, முதலீட்டாளரிடம் வேறு விலை பேசி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. விற்கும் பவரைக் கொடுத்துவிட்டால் உங்களுக்காக அவரே கையெழுத்துப் போடலாம். பவர் பத்திரம் கிரயப் பத்திரம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. விற்பதானால், வாங்குபவர் பெயருக்கு நீங்களே கிரயம் எழுதிக் கொடுங்கள். அட்வான்ஸ் வங்கி வழியாகவே வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரித் துறை அபராதம் போடும்.

அடுத்தது, அத்தை மட்டும் விற்க முடியுமா? முடியாது. தாத்தா உயில் எழுதவில்லை. அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. பங்கு எதுவானாலும், வீட்டை முழுசாக விற்க எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

வாரிசுச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் முதலில் எடுத்து வையுங்கள். பழைய பத்திரத்தில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றிருந்தால் பதற வேண்டாம். ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கு மாறியது 2019-ல்தான். பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பை இலவசமாகப் பார்க்கலாம். சந்தை விலைக்கு, அதே தெருவில் சமீபத்தில் விற்றவர்களை விசாரியுங்கள்.

போன ஞாயிறு அந்தத் தம்பி மறுபடி வந்தார், இந்த முறை வாங்குபவரையும் அழைத்துக்கொண்டு. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லாரையும் சேர்த்தார். விலை பேசுவதற்கு முன் சித்தப்பா சொன்னார்: "அக்கா கட்டின வரிப் பணத்தை முதல்ல கழிச்சுடலாம். மீதியைப் பங்கு பிரிப்போம்."

அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை.