பல்லைப் பார்த்துச் சொல்லும் லேசர்!

லீவுக்கு ஆரோவில் ட்ரிப்பா? ஈ.சி.ஆர்.ல பஸ் மரக்காணத்தைத் தாண்டும்போது மட்டும் தூங்கிடாதீங்க. ஜன்னல் வழியா உப்பளத்தைப் பாருங்க. பக்கத்துப் பாத்தியில உப்பு சொரசொரன்னு தெரியும். தூரத்துப் பாத்தி மட்டும் வெயில்ல கண்ணாடி மாதிரி மின்னும். காரணம், நீங்க அதைப் பார்க்கிற சாய்வு!

மெக்கானிக்கல் பசங்களுக்கு இதுல ஒரு மேட்டர் இருக்கு. மெட்ராலஜி லேப்ல கியர் டூத் வெர்னியர் வெச்சு பல்லை அளந்திருப்பீங்க. அது காட்டுற குறைந்தபட்ச அளவு 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். ஆனா, பல்லோட முகத்துல சில மைக்ரான் பிசகினாலே கியர் 'கிய்ய்ங்'னு கத்த ஆரம்பிச்சிடும். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன்!

அப்போ இன்னும் நுணுக்கமான ஸ்கேல் வேணுமே? ஒளிதான் அந்த ஸ்கேல். ஹீலியம்-நியான் லேசர் கதிரை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணைப் பல் மேலேயும் இன்னொண்ணைத் தனிப் பாதையிலும் அனுப்பி, மறுபடி சேர்த்தா கறுப்பும் சிவப்புமா வரிகள் விழும். அதன் அலைநீளம் 632.8 நானோமீட்டர். நேராகப் பட்டால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உயர வித்தியாசம் அதில் பாதி. அதாவது 0.32 மைக்ரான்.

இங்கதான் சிக்கல். அரைச்ச இரும்புப் பல் கண்ணாடி இல்லையே! நேராகப் பட்ட ஒளி சிதறிடும். அதனால உப்பளத்துல நீங்க பார்த்த மாதிரியே சாய்வா அனுப்பணும். செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ச்சா, சொரசொரப்பு ஒளிக்கு ஆறில் ஒரு பங்காத்தான் தெரியும். ஒரு வரியின் மதிப்பும் 1.8 மைக்ரானாகிடும். கியருக்கு அது தாராளம். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களில் இந்த வழியில் பல்லின் முகத்தை அளந்து காட்டினாங்க. தொட்டு அளக்கும் முள் ஒவ்வொரு கோடாத்தான் போகும். ஒளியோ முகம் முழுசையும் ஒரே படத்துல பிடிச்சிடும்.

சரி, இவ்வளவு நுணுக்கம் நமக்கு எதுக்கு? முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்க. பல காற்றாலைகளில் கியர்பாக்ஸ் பல மாடி உயரத்துல உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு பல் உடைஞ்சா, க்ரேன் வந்தாத்தான் வேலை நடக்கும். அந்தப் பல்லை 'ஓகே'ன்னு சொன்ன ரிப்போர்ட்ல ஒரு இன்ஜினீயரோட கையெழுத்து இருக்கும்.

உண்மையைச் சொல்றேன், லேப்ல பக்கத்து டேபிள் ரீடிங்கைப் பார்த்து ரெக்கார்டு நோட்டை ரொப்பினவன்தான் நானும். மார்க் வந்துச்சு, அளக்கத்தான் வரலை! நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறது நீங்க. அதனால அடுத்த லேப்ல ஒரே ஒரு பல்லையாவது நீங்களே அளந்து பாருங்க, பாஸ்.

இன்னிக்கு ஹோம்வொர்க்: நோட்டு அட்டையைக் கண் மட்டத்துல படுக்க வெச்சு, ட்யூப்லைட் பக்கமா சாய்ச்சுப் பாருங்க. சொரசொர அட்டையிலும் வெளிச்சம் மின்னும்!