கல்லிடைக்குறிச்சி அப்பளம் போகலாம், கசகசா போகக்கூடாது: வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் தெரிய வேண்டிய விதிகள் என்னென்ன?

கல்லிடைக்குறிச்சி என்றதும் நினைவுக்கு வருவது அப்பளம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்த ஊரில் இருந்து ஒருவர் வேலைக்காக வெளிநாடு கிளம்பினால், திருவனந்தபுரம் ஏர்போர்ட் போகும் அவரது பெட்டியில் அப்பளக்கட்டு நிச்சயம் இருக்கும். கூடவே வத்தல், ஊறுகாய், இட்லிப்பொடி, வீட்டில் அரைத்த குருமா மசாலா.

இதில் அப்பளத்தால் வளைகுடா நாடுகளில் பிரச்சினை இல்லை. ஆனால், அந்தக் குருமா மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால்? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நம்ம ஊர் மளிகைக் கடையில் கேட்டால் கொடுக்கும் ஒரு பொருள், சில மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு போதைப்பொருள் வழக்காக மாறலாம். பெட்டியில் வைக்கும் பொருளுக்கு மட்டுமல்ல. சாப்பிடும் மாத்திரை, போனில் எடுக்கும் படம், ரோட்டைக் கடக்கும் இடம் வரை எல்லாவற்றுக்கும் அங்கே வேறு விதிகள். "அங்க போய் பாத்துக்கலாம்" என்று விடக்கூடாதவை எவை? பார்க்கலாம்.

கசகசாவில் அப்படி என்ன இருக்கிறது?

கசகசா என்பது அபின் செடியின் விதை. விதையில் போதை இல்லை என்றாலும், செடியின் பாலில் இருக்கும் மார்பின் மிகச் சிறிய அளவில் விதையில் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். இங்கே கசகசா விற்பதும் வாங்குவதும் குற்றமில்லை.

ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் கதை வேறு. அங்கே கசகசா தடை செய்யப்பட்ட பொருள். தனியாகப் பொட்டலமாக இருந்தாலும், மசாலாவில் கலந்திருந்தாலும் தடைதான். "சமையலுக்குத்தான் கொண்டு வந்தேன்" என்ற விளக்கத்தை நம்பி இருக்க முடியாது.

எனவே, வீட்டு மசாலா கொடுத்து அனுப்புகிறவர்கள் கசகசா இல்லாமல் அரைப்பதே பாதுகாப்பு. கடையில் வாங்கும் மசாலா என்றால் பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள பொருட்கள் பட்டியலைப் படிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே அப்பளமாக இருந்தாலும், எந்த உணவுப் பொருளையும் பயணி அட்டையில் குறிப்பிட வேண்டும். குறிப்பிட்டுவிட்டால் அதிகாரிகள் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால்தான் அபராதம்.

"இந்தப் பொட்டலத்தை மட்டும் குடுத்துருப்பா"

ஊரில் இருந்து ஒருவர் கிளம்புகிறார் என்று தெரிந்தால், நாலு வீட்டில் இருந்து பார்சல் வரும். மறுப்பது மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால், பெட்டி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் சட்டத்தின் பார்வையில் பொறுப்பு.

சிங்கப்பூர் சட்டம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவரது பெட்டியில் போதைப்பொருள் இருந்தால், அது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்றுதான் நீதிமன்றம் தொடங்கும். தெரியாது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் அங்கே மரண தண்டனை.

தெரிந்தவர் கொடுத்தாலும் சரி, பார்சலைப் பிரித்துப் பார்த்து, தன் கையாலேயே மறுபடி கட்ட வேண்டும். பிரிக்க விடவில்லை என்றால் வாங்கவே கூடாது.

மாத்திரைக்கு எதற்கு அனுமதி?

டிரமடால், கோடீன் போன்ற மருந்துகள் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. தூக்க மாத்திரை, மனநல மருந்துகள் பலவற்றுக்கும் இதே நிலைதான். இவற்றைக் கொண்டு போக அந்நாட்டு அரசிடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற சாதாரண மருந்துகளுக்கும் டாக்டர் சீட்டு கையில் இருப்பது நல்லது. மருந்துகளை அட்டையில் இருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக் கொண்டு போகக்கூடாது. என்ன மாத்திரை என்று அட்டைதான் சொல்லும்.

போனில் என்ன தப்பு நடக்கும்?

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும். ஆனால், வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. அனுமதி பெற்ற செயலிகளில்தான் பேச முடியும். இதைச் சமாளிக்க விபிஎன் போட்டுக்கொள்ளச் சொல்லும் நண்பர்கள் உண்டு. குற்றம் செய்வதற்காகவோ மறைப்பதற்காகவோ விபிஎன் பயன்படுத்தினால், 2021-ல் வந்த இணையக் குற்றச் சட்டப்படி சிறையும், 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமும் உண்டு.

அனுமதியின்றி இன்னொருவரைப் படம் எடுப்பதும், அதைப் பகிர்வதும் அங்கே குற்றம். ரூமில் நடந்த சண்டையை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால், சண்டை போட்டவரை விட வீடியோ எடுத்தவர் பெரிய சிக்கலில் மாட்டலாம்.

பலருக்குத் தெரியாதது வசூல். ஊரில் கோயில் கொடை, யாருக்கோ ஆபரேஷன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் பணம் திரட்டுவது நம் பழக்கம். அமீரகத்தில் உரிமம் உள்ள அமைப்புகள் மட்டுமே நன்கொடை திரட்டலாம். தனிநபர் வசூல், நல்ல காரியத்துக்காக என்றாலும், தண்டனைக்குரியது.

ரோட்டில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

இந்தியாவில் வண்டிகள் ரோட்டின் இடது பக்கம் போகும். அதனால் ரோட்டைக் கடக்கும்போது நம் தலை தானாக முதலில் வலது பக்கம் திரும்பும். வளைகுடா நாடுகளில் வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. அங்கே முதல் வண்டி இடது பக்கத்தில் இருந்து வரும். பல வருடப் பழக்கம் ஒரே நாளில் மாறாது என்பதால், புதிதாகப் போனவர்களுக்கு முதல் சில வாரங்கள்தான் ஆபத்து.

குறிப்பிடாத இடத்தில் ரோட்டைக் கடந்தால் அமீரகத்தில் 400 திர்ஹம் அபராதம் என்பது பழைய விதி. 2025 மார்ச் 29 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய போக்குவரத்துச் சட்டப்படி, அப்படிக் கடந்து விபத்துக்குக் காரணமானால் சிறைத் தண்டனையும் 5,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அடிபட்டவரே குற்றவாளியாகவும் ஆகக்கூடும்.

சிங்கப்பூரில் நம்மைப் போலவே வண்டிகள் இடது பக்கம்தான். ஆனால், அங்கே வேறு விதிகள் உண்டு. குப்பை போட்டு முதல்முறை தண்டிக்கப்பட்டாலே 2,000 டாலர் வரை அபராதம். இ-சிகரெட் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனை இன்னும் கடுமையாகிவிட்டது. திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டினர் வேலை அனுமதியை இழந்து திருப்பி அனுப்பப்படலாம்.

மது விஷயத்திலும் ஒரு பின்னணி இருக்கிறது. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பஸ் மோதி இறந்ததை அடுத்துக் கலவரம் வெடித்தது. அதன்பிறகு 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியா பகுதியில் சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை முழுவதுமே தடை. வார விடுமுறைக்குத் தமிழர்கள் கூடும் இடமே அதுதான்.

நம்மைக் காப்பாற்றும் விதிகளும் இருக்கின்றன

இதுவரை பார்த்தவை மாட்டிவிடும் விதிகள். கிளம்பும்போது எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இவற்றைத்தான். தொழிலாளியைக் காப்பாற்றும் விதிகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. உண்மையில் உயிர் அதில்தான் இருக்கிறது.

முதலில் வெயில். கோடையில் நடுப்பகலில் திறந்த வெளியில் வேலை வாங்குவதற்கு வளைகுடா நாடுகளில் தடை உண்டு.

• அமீரகம்: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை
• சவுதி அரேபியா: அதே மூன்று மாதங்கள், பகல் 12 முதல் 3 மணி வரை
• குவைத்: ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, காலை 11 முதல் மாலை 4 மணி வரை
• கத்தார்: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் மாலை 3.30 வரை

கத்தாரில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நேரமாக இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். அமீரகத்தில் விதியை மீறும் நிறுவனத்துக்கு ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம் அபராதம். "நிழல்ல உக்காந்தா சம்பளம் புடிப்பாங்களோ" என்று பயப்பட வேண்டியதில்லை. அது சட்டம் கொடுத்த ஓய்வு.

இரண்டாவது பாஸ்போர்ட். வேலைக்குச் சேர்ந்ததும் அதை வாங்கி வைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகவே இருக்கிறது. ஆனால், அமீரகம், சவுதி, கத்தார் ஆகிய நாடுகளில் முதலாளி அதைப் பிடித்து வைப்பது விதிமீறல். கத்தாரில் இதற்கு 25,000 ரியால் வரை அபராதம் உண்டு. அங்கே 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால். தங்குமிடம் தராவிட்டால் கூடுதலாக 500, சாப்பாடு தராவிட்டால் 300 ரியால் தர வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம்.

மங்காப் சொல்லும் பாடம்

2024 ஜூன் 12 அதிகாலை. குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தீப்பிடித்தது. மேலே இருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது.

இந்தியர்கள் 45 பேரின் உடல்கள் விமானப்படை விமானத்தில் கொச்சிக்கு வந்தன. அதில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

அறைகளைப் பிரிக்க எளிதில் தீப்பற்றும் பொருட்கள் பயன்படுத்தப்பட்டிருந்ததையும், மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்ததையும் குவைத் தீயணைப்பு அதிகாரிகள் சுட்டிக்காட்டினார்கள். கட்டட விதிகள் அங்கேயும் இருந்தன. அவை பின்பற்றப்படவில்லை என்பதுதான் பிரச்சினை.

நம் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் தரைத்தள வீடு, மச்சு வீடு. தீ என்றால் வாசலுக்கு ஓடிவிடலாம். ஆறாவது மாடியில் அது முடியாது. எனவே, புதிய ரூமுக்குப் போன முதல் நாளே இரண்டாவது படிக்கட்டு எங்கே இருக்கிறது, மாடிக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் எங்கே தொங்குகிறது என்று பார்த்து வைக்க வேண்டும். புகை வந்தால் லிஃப்டில் ஏறக்கூடாது. குனிந்தபடி வெளியேற வேண்டும்.

கிளம்பும் முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இசிஆர் வகையில் வரும். இந்தப் பாஸ்போர்ட்டுடன் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி அனுமதி தேவை. இதற்கான தளம் இ-மைக்ரேட். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதையும் அதிலேயே பார்க்கலாம். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டப்படியான கட்டணம் இல்லை.

"விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விசிட் விசாவில் வேலை பார்ப்பது குற்றம். சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கத் தயங்கும் நிலைக்கு அது தள்ளிவிடும்.

இசிஆர் பயணிகளுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில், விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

வெளிநாட்டில் கைதானால், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை வியன்னா உடன்படிக்கைப்படி உண்டு. புரியாத மொழியில் இருக்கும் காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன் மொழிபெயர்ப்பாளரைக் கேட்க வேண்டும்.

அமீரகத்தில் இருப்பவர்கள் 800 46342 என்ற இந்தியத் தொழிலாளர் உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். ஊரில் இருக்கும் குடும்பத்தினர் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தை 1800 309 3793 என்ற எண்ணில் தொடர்புகொள்ளலாம். மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்திலும் புகார் பதிவு செய்யலாம்.

இதற்கெல்லாம் வீட்டில் சில காகிதங்கள் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல், கம்பெனியின் முழுப் பெயர், தங்கும் இடத்தின் முகவரி, கூடத் தங்கியிருக்கும் ஒருவரின் போன் நம்பர். "துபாய்ல ஏதோ கம்பெனி" என்று மட்டும் தெரிந்திருந்தால், அவசரத்தில் யாராலும் தேட முடியாது. பெட்டி கட்டும் அன்றே இந்தக் காகிதங்களை ஒரு கவரில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.