‘கேடிஎம் வரலை… காலை ஷோ ரத்து!’ ரிலீஸ் நாளில் புதுப்படங்கள் சிக்கிக்கொள்வது ஏன்? டிக்கெட் பணம் என்ன ஆகும்?

2025 மார்ச் 27. விக்ரம் நடித்த ‘வீர தீர சூரன்’ படத்துக்கு 9 மணிக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் தியேட்டருக்குக் கிளம்பிவிட்டார்கள். பலர் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஆனால் படம் ஓடவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. காலைக் காட்சி போனது, மதியக் காட்சியும் போனது. 7 கோடி ரூபாயை டெபாசிட் செய்ய நீதிமன்றம் சொல்லி, பேச்சுவார்த்தை முடிந்து, மாலையில்தான் திரையில் படம் வந்தது.

இது ஒரு படத்தோட கதை மட்டும் கிடையாது. தமிழில் வருஷத்துக்கு சில படங்களாவது இப்படி ரிலீஸ் அன்று காலை வாசலில் நிற்கின்றன. தியேட்டர் ஊழியரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: “கேடிஎம் வரலைங்க.”

அது என்ன கேடிஎம்? வராமல் தடுப்பது யார்? பல மாதங்களுக்கு முன்பே தேதி அறிவித்த படத்துக்கு, அன்றைக்குக் காலையில்தான் பிரச்னை வருமா?

கேடிஎம் என்றால் என்ன?

சிம்பிளா சொன்னா, சாவி. ஃபிலிம் பெட்டி வந்த காலம் முடிந்துவிட்டது. இப்போது படம் டிஜிட்டல் கோப்பாகத் தியேட்டருக்கு வருகிறது. ஹார்டு டிஸ்க்கில் வரலாம், சாட்டிலைட் வழியாகவும் இறங்கலாம். ரிலீஸுக்குச் சில நாட்கள் முன்பே தியேட்டர் சர்வரில் படத்தை ஏற்றி வைத்திருப்பார்கள்.

ஆனால் அது பூட்டிய பெட்டி. திறக்க ஒரு சின்னக் கோப்பு தேவை. அதுதான் கேடிஎம். ஈமெயிலில் அனுப்பக்கூடிய அளவுதான் இருக்கும். எந்தத் திரையின் சர்வர், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எல்லாமே அதற்குள் எழுதப்பட்டிருக்கும். பக்கத்துத் திரைக்கான சாவியைக் கொண்டு இந்தத் திரையில் படத்தைத் திறக்க முடியாது. நேரம் முடிந்தாலும் திறக்காது. திருட்டு பிரதிகளைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது.

ஆக, “படம் வரலை” என்று தியேட்டரில் சொன்னால் அது பாதி உண்மை. படம் உள்ளேதான் இருக்கிறது. சாவிதான் வரவில்லை.

சாவியை நிறுத்தி வைப்பது யார்?

தியேட்டர்காரர் இல்லை. கியூப் போன்ற டிஜிட்டல் நிறுவனங்கள்தான் சாவியை உருவாக்கி அனுப்புகின்றன. ஆனால் முடிவு அவர்கள் கையிலும் இல்லை. படத்துக்குக் கடன் கொடுத்த ஃபைனான்சியர் “என் பாக்கி தீர்ந்தது, விடலாம்” என்று எழுத்தில் சொன்னால்தான் சாவி போகும். இதை ‘கிளியரன்ஸ்’ என்கிறார்கள்.

இது பழைய பழக்கத்தின் புது வடிவம்தான். ஃபிலிம் காலத்தில் படத்தின் நெகட்டிவ் லேபில் இருக்கும். கடன் கொடுப்பவர் லேபிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வார். ‘லேப் லெட்டர்’ என்று பெயர். அவர் ஒப்புதல் இல்லாமல் ரிலீஸ் பிரிண்ட் வெளியே போகாது என்பது அதன் சாரம். இன்று லேப் போய் சர்வர் வந்துவிட்டது. பிடி மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

ஏன் எப்பவும் கடைசி நிமிஷத்தில்?

தியேட்டர் வாசலில் நிற்பவருக்குக் கோபம் வரும் கேள்வி இதுதான்.

ஒரு வீடு கட்டக் கடன் கொடுத்தால் வீட்டை அடமானமாக வைத்துக்கொள்ளலாம். படத்துக்குக் கடன் கொடுப்பவரிடம் என்ன இருக்கிறது? வெளியாகாத ஒரு படம். ரிலீஸுக்கு முந்தைய நிமிடம் வரை அதற்குப் பெரிய மதிப்பு உண்டு. படம் வெளியாகி, முதல் ஷோ முடிந்து, “சுமார்தான்” என்று பேச்சு கிளம்பிவிட்டால் அந்த மதிப்பு பாதியாகலாம். அதனால் கடன் கொடுத்தவருக்கு உண்மையான பலம் இருப்பது ரிலீஸ் வரைக்கும்தான். சாவி போன பிறகு அவர் வரிசையில் நிற்கும் இன்னொரு ஆள், அவ்ளோதான்.

தயாரிப்பாளர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. அவருக்குப் பணம் மொத்தமாக வருவதே ரிலீஸை ஒட்டித்தான். விநியோகஸ்தர்கள் தரும் அட்வான்ஸ், தியேட்டர்கள் தரும் அட்வான்ஸ், வெளிநாட்டு உரிமை, டிவி, ஓடிடி ஒப்பந்தங்களின் தவணைகள் என்று எல்லாவற்றையும் சேர்த்து, வாங்கிய கடனைவிடக் குறைவாக இருந்தால் வருகிற பள்ளத்துக்கு சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டெஃபிசிட்’. அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சரியாகத் தெரிவது ரிலீஸுக்கு முந்தைய நாள் இரவில். விடிய விடிய பஞ்சாயத்து நடப்பதும் அதனால்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு ஓடிடி நிறுவனங்கள் போட்டி போட்டு வாங்கியபோது இந்தப் பள்ளம் அதிகம் தெரியவில்லை. இப்போது அவர்கள் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த விலையை நம்பி ஹீரோ சம்பளத்தையும் பட்ஜெட்டையும் ஏற்றியவர்களுக்குத்தான் சிக்கல்.

வங்கியில் கடன் வாங்கலாமே?

கேட்க நியாயமான கேள்வி. 1998-லேயே மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில்துறை அந்தஸ்தை அறிவித்தது. அதன் பிறகு வங்கிக் கடனுக்கு வழி திறந்தது. ஆனால் வங்கி கேட்பது சொத்து, கணக்குப் புத்தகம், காகிதம். கையில் கதையும் ஹீரோ கால்ஷீட்டும் மட்டும் வைத்திருப்பவருக்கு வங்கிக் கதவு எளிதில் திறக்காது. அதனால் தனியார் ஃபைனான்ஸ்தான் இன்றும் கோடம்பாக்கத்தின் முதுகெலும்பு.

வட்டி? மாசத்துக்கு இரண்டு, மூன்று வட்டி என்பது அங்கே சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. 10 கோடி ரூபாய்க் கடனுக்கு மூன்று வட்டி என்றால் மாதம் 30 லட்சம். படம் ஒரு வருடம் தள்ளிப்போனால் வட்டி மட்டும் 3 கோடியே 60 லட்சம். ஹீரோவுக்குக் காயம், இயக்குநர் ரீஷூட் கேட்டார், பண்டிகைத் தேதி கிடைக்கவில்லை என்று படம் தள்ளிப்போகும் ஒவ்வொரு செய்திக்குப் பின்னாலும் இந்த மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் படத்துக்கே சம்பந்தமில்லாத கடனுக்கும் தடை வருமா?

வரும். ரசிகர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான்.

சூர்யாவின் ‘கங்குவா’ 2024 நவம்பர் 14-ல் வெளியானது. அதற்கு முன் 20 கோடி ரூபாயை டெபாசிட் செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தத் தொகை ‘கங்குவா’ எடுக்க வாங்கியது அல்ல. தயாரிப்பு நிறுவனத்துக்கும், திவாலானவராக அறிவிக்கப்பட்டு பின்னர் இறந்துபோன ஒரு தொழிலதிபருக்கும் இடையிலான பழைய கணக்கு. அவருடைய சொத்துகளை நிர்வகிக்கும் சொத்தாட்சியர் அந்த நிலுவைகளைக் கேட்டு நீதிமன்றம் போயிருந்தார்.

அதே தொழிலதிபர் தொடர்பான இன்னொரு பாக்கி, அதே நிறுவனத்தின் அடுத்த படத்தையும் பிடித்தது. கார்த்தி நடித்த ‘வா வாத்தியார்’ 2025 டிசம்பரில் வெளியாகியிருக்க வேண்டும். 10.35 கோடி ரூபாய் நிலுவை வட்டியோடு சேர்ந்து 21.78 கோடியாகியிருந்தது. தடை வந்தது. படம் 2026 பொங்கலுக்குத்தான் தியேட்டரைப் பார்த்தது.

கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். இந்தப் படத்தில் வேலை பார்த்த இயக்குநரும் டெக்னீஷியன்களும் என்ன தப்பு செய்தார்கள்? ஒரு தப்பும் இல்லை. ஆனால் கடன் நிறுவனத்தின் பேரில் இருக்கிறது, படமும் அதே நிறுவனத்தின் சொத்து. கடை பேரில் கடன் இருந்தால் புதுச் சரக்கையும் பிடிப்பார்கள் இல்லையா, அதே மாதிரிதான்.

ஹீரோ எதுக்குப் பணம் தர்றார்?

2018 அக்டோபர் 4-ல் ‘96’ வெளியானபோது அதிகாலைக் காட்சிகள் ரத்தாகின. காரணம் தயாரிப்பாளரின் கடன் பாக்கி. படத்தின் ஹீரோ விஜய் சேதுபதி பொறுப்பை ஏற்றுக்கொண்ட பிறகே படம் ஓட ஆரம்பித்தது. இன்று அந்தப் படத்தைக் கொண்டாடுபவர்களில் பலருக்கு அந்தக் காலைப் பதற்றம் நினைவில் இருக்காது.

ஹீரோ இப்படி இறங்கி வருவதில் பெருந்தன்மை உண்டு, கணக்கும் உண்டு. படம் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் அவர் மார்க்கெட்டும் அடிபடும். ஆனால் எல்லாரும் விட்டுக்கொடுக்க முடியாது. சம்பளத்தில் கடைசித் தவணையை டப்பிங் பேசும் முன் வாங்கிவிடும் பழக்கம் நடிகர்களிடம் இருப்பதற்குக் காரணமே இந்தப் பயம்தான். அந்தப் பிடி கூட இல்லாத உதவி இயக்குநர், எடிட்டிங் அசிஸ்டென்ட் மாதிரி ஆட்களின் பாக்கிதான் “ரிலீஸுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்” பட்டியலில் போகிறது.

அரை நாள் லேட்டானா என்ன குடி முழுகிப் போகும்?

பெரிய நஷ்டம்தான். 2023 ஜனவரியில் ‘துணிவு’ படத்தின் நள்ளிரவுக் காட்சியின்போது சென்னையில் தியேட்டர் வாசலில் ரசிகர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு அதிகாலைக் காட்சிகளுக்குத் தமிழ்நாட்டில் அனுமதி நின்றது. முதல் காட்சி 9 மணிக்குத்தான். சிறப்பு அனுமதி கிடைத்தாலும் ஒரு நாளைக்கு ஐந்து காட்சி. அதில் இரண்டு போனால் முதல் நாள் வசூலில் பெரிய ஓட்டை. ‘வீர தீர சூரன்’ தவித்த அதே நாளில் மோகன்லாலின் ‘எம்புரான்’ பக்கத்துத் திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. வந்த கூட்டம் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஓடிடி கடிகாரம் வேறு ஓடுகிறது. ‘ஜெயிலர்’ 2023 ஆகஸ்ட் 10-ல் தியேட்டருக்கு வந்து செப்டம்பர் 7-ல் ஓடிடிக்குப் போனது. சரியாக 28 நாள். ‘விடாமுயற்சி’ அதைவிடச் சீக்கிரம். நான்கு வாரத்தில் வீட்டிலேயே பார்க்கலாம் என்று தெரிந்தவர் தியேட்டருக்கு வருவது முதல் வார இறுதி ஆர்வத்தில்தான். அந்த ஆர்வம் ஒரு காலை ரத்தானால் பாதி இறங்கிவிடும்.

விதிவிலக்கும் உண்டு. சுந்தர்.சி இயக்கத்தில் விஷால் நடித்த ‘மதகஜராஜா’ பணச் சிக்கலில் பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்தது. 2025 பொங்கலுக்கு வந்தது, அந்தப் பண்டிகையின் வெற்றிப் படமும் ஆனது. ஆனால் அதைக் காட்டி யாரும் தைரியம் சொல்ல முடியாது. கௌதம் மேனனின் ‘துருவ நட்சத்திரம்’ 2023 நவம்பர் 24-ல் வருவதாக இருந்து, 2.40 கோடி ரூபாய் பாக்கி தொடர்பான நீதிமன்ற உத்தரவால் கடைசி நேரத்தில் நின்றுபோனது.

சரி, டிக்கெட் பணம்?

தியேட்டரே காட்சியை ரத்து செய்தால் பணம் திரும்ப வர வேண்டும். ஆன்லைனில் எடுத்திருந்தால் எந்தக் கார்டு அல்லது யுபிஐ கணக்கிலிருந்து போனதோ அதற்கே சில வேலை நாட்களில் வரும். மெசேஜையும் புக்கிங் எண்ணையும் அழிக்காதீர்கள். வரவில்லை என்றால் முதலில் புக்கிங் ஆப்பில் புகார், அதிலும் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கவுன்டரில் எடுத்தவர்கள் டிக்கெட்டைக் கிழிக்காமல் வைத்திருந்து அங்கேயே திருப்பிக் கேட்கலாம். சில தியேட்டர்களில் பணத்துக்குப் பதிலாக அடுத்த காட்சிக்கு மாற்றித் தருவதாகச் சொல்வார்கள். விருப்பம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். வேலைக்கு லீவு போட்டு வந்தவரை ராத்திரி ஷோவுக்கு வரச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லி பணத்தைக் கேட்பதில் தவறே இல்லை.

சிக்கல் மூன்றாவது வகைக்குத்தான். முதல் நாள் முதல் ஷோவுக்காக யாரோ ஒருவரிடம் 500, 1,000 என்று கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர்களுக்கு, டிக்கெட்டில் அச்சடித்த விலைதான் திரும்பும். மீதியைக் கொடுத்தவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும், அவர் அன்று போனை எடுத்தால்.